இனந்தெரியாத: யாருக்குத் தெரியாத?

சென்னையில் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். மட்டக்களப்புக்காரர் ஒருவர் எழுதிய நினைவுக் குறிப்பு அவர் மேசைக்கு வந்திருக்கிறது. அதில் "இரவு பத்து மணிக்கு இனந்தெரியாத நபர்கள் வந்து அண்ணனை அழைத்துச் சென்றார்கள்" என்று ஒரு வரி. வந்தவர்கள் தமிழரா, முஸ்லிம்களா, சிங்களவரா என்பது தெரியவில்லை என்பதுதானே இதன் பொருள்? அப்படியானால் தமிழ்நாட்டு வாசகருக்கு விளங்கும்படி 'எந்த இனத்தவர் என்று தெரியாத' என்று விரித்துவிடலாமா? அல்லது 'அடையாளம் தெரியாத' என்று மாற்றிவிடலாமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

இரண்டும் வேண்டாம் தம்பி. அந்தச் சொல்லில் இருக்கும் இனம் நீங்கள் நினைக்கும் இனம் அல்ல. மட்டக்களப்பில் இருந்துகொண்டு இருபத்தாறு ஆண்டுகள் பிரதேச நிருபராகச் செய்தி அனுப்பியவன் நான். என் கை அதிகம் எழுதிய அடைமொழி எது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். ஆகவே கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல விடுங்கள்.

உங்கள் ஊரிலேயே இச்சொல்லுக்கு உடன்பிறப்பு ஒன்று இருக்கிறது. 'இனம்புரியாத மகிழ்ச்சி', 'இனம்புரியாத பயம்' என்று வார இதழ்களில் எத்தனை முறை படித்திருப்பீர்கள். அந்தப் பயம் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தது என்று எவரும் கேட்டதில்லை. இன்ன வகை என்று பிரித்துச் சொல்ல முடியாத பயம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. எங்கள் 'இனந்தெரியாத நபர்' அதே அச்சில் வார்த்ததுதான். இன்னார் என்று பிரித்தறிய முடியாத ஆள், அவ்வளவே. எழுத்தைப் பற்றியும் ஒரு சொல்: இனம் என்பதன் ஈற்று மகரம், தகரத்தின் முன் அதற்கு இன எழுத்தான நகரமாகத் திரிந்து 'இனந்தெரியாத' ஆகிறது. இனத்தோடு இனம் சேர்வதை அந்தப் புணர்ச்சியே செய்து காட்டுவது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். 'இனம் தெரியாத' என்று பிரித்து எழுதினாலும் குற்றமில்லை.

இனம் என்பது பழந்தமிழில் ஒத்தவை சேர்ந்த கூட்டம். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எழுத்துகளைக் கூட்டமாக்கினார்கள். திருக்குறளில் 'சிற்றினம் சேராமை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. கூடிப் பழகத் தகாத கூட்டத்தைப் பற்றியது அது. பசுக்கூட்டத்தை ஆனினம் என்றார்கள். இலக்கணக்காரர்கள் இன்னும் நுட்பமாக ஒன்று சொன்னார்கள். 'செந்தாமரை' என்றால் வெண்டாமரையும் உண்டு என்பது உள்ளே இருக்கிறது. செம்மை என்ற அடை, அந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுகிறது. 'செஞ்ஞாயிறு' அப்படி அல்ல. கருஞாயிறு என்று வேறொன்று இல்லை. முன்னதை இனமுள்ள அடை என்றும், பின்னதை இனமில்லா அடை என்றும் வகுத்தார்கள். ஆக, ஒரு பொருள் எந்தக் கூட்டத்துக்குள் நின்று தன்னைப் பிரித்துக் காட்டுகிறதோ அது அதற்கு இனம். பிரித்துக் காண்பது இனங்காணல். பிரிக்க முடியாமல் நிற்பது இனந்தெரியாதது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துப் பேச்சில் இன்னும் நெருக்கமான ஒரு பொருள் உண்டு. 'இனசனம்' என்றால் உறவினர். கல்யாண வீட்டுக்கு இனசனம் எல்லாம் வந்தது என்போம். 'அவர் நமக்கு இனம்' என்றால் ஏதோ ஒரு வழியில் சொந்தம். இங்கே தாய்வழியாக வரும் குடிமுறை தமிழரிடமும் இருக்கிறது, முஸ்லிம்களிடமும் இருக்கிறது. ஊருக்குள் புதிதாக ஒருவர் வந்தால் மூத்தவர்கள் அவருடைய பெயரைக் கேட்டு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். யாருடைய மகன், தாய்க்கு எந்த ஊர், என்ன குடி என்று போகும் விசாரணை. நாலு கேள்விக்குள் எங்கேயாவது ஒரு நூல் அகப்பட்டுவிடும். அகப்பட்டதும் பாய் விரிப்பார்கள், தேநீர் வரும். அவர் இனந்தெரிந்தவர் ஆகிவிட்டார். மேற்கே மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் பல பட்டி மாடுகள் கலந்து மேய்கின்றன. சொந்தக்காரர் வந்து, சுட்ட குறியைப் பார்த்துத் தம்முடையதைப் பிரித்து ஓட்டிப் போகிறார். அந்தக் குறியும் இந்தக் குடியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

நீங்கள் நினைத்த இனம் பிறகு வந்தது. குடிசன மதிப்பீட்டுப் படிவங்களும் அவற்றின் பின்னால் வந்த அரசியலும் அதைக் கொண்டுவந்தன. 1956இல் கல்லோயாவில் நடந்த கலவரத்தையும் 1983ஐயும் கண்ட நாட்டில் இனக்கலவரம், இனப்பிரச்சினை, இனவாதம் என்று அந்தப் பொருளே காதில் முதலில் விழுவது இயல்பு. இங்கேயும் இளையவர்கள் சிலர் உங்களைப் போலவே வாசிக்கிறார்கள். மூன்று சமூகங்கள் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் ஒரு கரையில் அது வெறும் பொருட்பிழையாக நின்றுவிடாது. 'எந்த இனத்தவர் என்று தெரியவில்லை' என்று நீங்கள் மாற்றினால், வந்தவனின் சமூகம்தான் அங்கே தேடப்பட்டது என்று ஆகிவிடும். நூலாசிரியர் தேடியது அதை அல்ல. அண்ணனைக் கொண்டுபோனது யார் என்பதைத்தான் அவர் தேடினார்.

இனி, இச்சொல் எங்கள் கையில் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். 2004 மே 31ஆம் திகதி ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் மட்டக்களப்பில் வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 நத்தார் (கிறிஸ்துமஸ்) நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள் வைத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு செய்திகளிலும் சுட்டவர்களுக்கு இருந்த பெயர் 'இனந்தெரியாத துப்பாக்கிதாரிகள்'. இவை உலகம் அறிந்த பெயர்கள் என்பதால் சொல்கிறேன். உலகம் அறியாத பெயர்களோடு எத்தனையோ செய்திகள் இதே அடைமொழியுடன் போயின. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் போயின, முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் போயின. வயலுக்குப் போனவர், கடை பூட்டிக்கொண்டிருந்தவர், சைக்கிளில் டியூஷனுக்குப் போன பிள்ளை. தொலைபேசியில் செய்தி வாசிக்கும்போது மறுமுனையில் இருப்பவர் அந்தச் சொல்லை நான் சொல்லி முடிக்கும் முன்பே எழுதிவிடுவார்.

அந்தச் சொல் எங்களைக் காப்பாற்றியது. அதை மறைக்க மாட்டேன். பெயரைப் போட்டால் அடுத்த செய்தி எங்களைப் பற்றியதாக இருக்கும் என்பது எல்லா நிருபருக்கும் தெரியும்.

ஒரு நாள் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஓர் அம்மா என்னைத் தேடி வந்தார். வாவியைப் படகுப் பாதையில் கடந்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் நான் எழுதிய செய்தியின் துண்டு, நாலாக மடித்து. அவருடைய மகனைக் கொண்டுபோன செய்தி அது.

"நீங்கள்தானா மகன் இதை எழுதினது?"

"ஓம் அம்மா."

"இனந்தெரியாத ஆட்கள் என்று போட்டிருக்கிறீர்கள். யாருக்குத் தெரியாது? வந்தவர்களில் ஒருவனுக்கு நான் என் கையால் சோறு போட்டிருக்கிறேன்."

நான் பேசாமல் நின்றேன். கொஞ்ச நேரம் பொறுத்து அவரே சொன்னார்: "பேரை எழுதுங்கள் என்று கேட்டு வரவில்லை. எனக்குத் தெரியாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்."

இருபத்தாறு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பெரிய இலக்கணப் பாடம் அதுதான். 'தெரி' என்ற வினை, அறிதலைச் சொல்லும்போது, ஒரு 'கு' உருபைக் கேட்கும். எனக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது, பொலிஸாருக்குத் தெரியாது. தெரியாமை யாரோ ஒருவரிடம் இருக்க வேண்டும். அது காற்றில் நிற்காது. ஆனால் அதே வினையை எதிர்மறைப் பெயரெச்சமாக்கி ஒரு பெயருக்கு முன்னால் வைத்துவிட்டால் அந்தக் 'கு' உதிர்ந்துபோகிறது. 'இனந்தெரியாத நபர்' என்று எழுதியதும் தெரியாமை நம்மிடமிருந்து கழன்று அந்த நபரின் குணமாக ஒட்டிக்கொள்கிறது. நெட்டையான நபர், கறுத்த நபர் என்பதுபோல இனந்தெரியாத நபர். அவனைப் பெற்ற தாய்க்கும் அவன் இனந்தெரியாதவன் என்பதுபோல வாசிக்கிறது. நான் எழுதிய செய்தியில் என்னுடைய அறியாமையை அந்த அம்மாவின் தலையிலும் சுமத்தியிருந்தேன்.

அதன் பிறகு இந்தச் சொல்லின் வேறு வடிவங்களை நாடினேன். அவை புதியவை அல்ல; எங்கள் பத்திரிகை வழக்கில் முன்பே இருந்தவைதான். 'இனங்காணப்படாத' என்றால் காண வேண்டிய பொறுப்பு ஒருவருக்கு இருக்கிறது, அவர் இன்னும் காணவில்லை என்ற குறிப்பு வந்துவிடும். பொலிஸார், மரண விசாரணை அதிகாரி, நீதிமன்றம் என்று யாரோ அங்கே நிற்கிறார்கள். 'தம்மை இனங்காட்டிக்கொள்ளாத' என்றால் பாரம் வந்தவர்கள் பக்கம் போகிறது. அவர்கள் யார் என்பது இருந்தது, அதை அவர்கள் மறைத்தார்கள். இந்த இரண்டிலும் எவருடைய பெயரும் வெளியே வராது, நிருபரின் உயிருக்கும் கேடில்லை. தாயையும் அவை அறியாதவளாக்கா. ஒரே 'இனம்' என்ற வேரிலிருந்து தெரிதல், காணல், காட்டல் என்று மூன்று வினைகளைக் கோத்து, பொறுப்பை மூன்று இடங்களில் வைக்கத் தமிழ் வசதி செய்து தந்திருக்கிறது. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் எந்நேரமும் முதலாவதையே எழுதினோம் என்பதுதான் என் மனக்குறை.

காட்டல் என்றதும் தலையாட்டி நினைவுக்கு வருகிறது. சுற்றிவளைப்பு நாட்களில் ஊர் ஆண்களைப் படையினர் மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். எதிரே சாக்கால் தலையை மூடிய ஒருவர், கண்ணுக்கு மட்டும் இரண்டு துளை. வரிசை அவர் முன்னால் நகரும். தலை ஆடினால் நிற்பவன் போக வேண்டியதுதான். இனங்காட்டியவருக்கு முகமில்லை, இனங்காட்டப்பட்டவனுக்கு மட்டுமே முகம் இருந்தது. சட்டத்தில் 'அடையாள அணிவகுப்பு' என்று ஒன்று இருக்கிறது. அதில் குற்றம் சாட்டப்பட்டவர் மற்றவர்களோடு கலந்து நிற்பார், சாட்சி நீதவான் முன்னிலையில் வந்து இன்னார் என்று காட்டுவார். மைதானத்தில் நடந்ததற்குச் சட்டத்தில் பெயர் இல்லை. அதனால் சனங்கள் ஆட்டிய தலையையே பெயராக்கினார்கள்.

இதே சொல்லை முற்றிலும் வேறு மனநிலையில் எழுதிய நாட்களும் உண்டு. 2004 டிசம்பர் 26. அந்தப் பேரலையில் இலங்கையில் அதிகம் பேரை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுவதும், வடக்கே கல்லடி, நாவலடி வரை, 'இனங்காணப்படாத சடலங்கள்' என்று எழுதினேன். போர்க்காலத்தில் தெரிந்ததைத் தெரியாது என்றோம். இங்கே தெரிந்துகொள்ளத் தவித்தார்கள். முகம் உதவவில்லை. சட்டைத் துணி, காப்பு, பழைய தழும்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நடந்தார்கள். இனங்காண்பதற்கு இனசனம் வேண்டும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். முழுக் குடும்பமும் போன வீட்டின் பிள்ளையை இன்னாருடைய பிள்ளை என்று சொல்ல அந்த வளவில் எவரும் மிஞ்சியிருக்கவில்லை. தமிழ் முகமா முஸ்லிம் முகமா என்று பிரிக்கத் தெரியாமல் சேர்த்தே அடக்கம் செய்த இடங்களும் உண்டு. அங்கே உங்கள் பொருளும் எங்கள் பொருளும் ஒரே குழிக்குள் இருந்தன.

'அடையாளம் தெரியாத' என்பது உங்கள் பத்திரிகைகளின் வழக்கு. பொருளில் பெரிய வேறுபாடில்லை. எங்களுக்கு 'அடையாளம்' என்றதும் அடையாள அட்டை நினைவுக்கு வரும், வீதித்தடையில் எடுத்து நீட்டியது. அதனால் நானாக எழுதும்போது அதைத் தொடுவதில்லை. நீங்கள் உங்கள் ஊர்ச் செய்திக்கு எழுதுவதில் தடையில்லை. 'அநாமதேய' என்பது பெயரில்லாத கடிதத்துக்கும் தொலைபேசி அழைப்புக்கும் பொருந்தும், ஆளுக்குப் பொருந்தாது.

நான் எதிர்க்கும் சொல் 'மர்ம' என்பது. மர்ம நபர், மர்மக் காய்ச்சல், மர்ம வாகனம். இனந்தெரியாத என்பது அறியாமையைச் சொல்கிறது; மர்ம என்பது அச்சத்தைச் சேர்த்து விற்கிறது. 2011 ஓகஸ்டில் கிழக்கில் கிறீஸ் பூதம் என்ற பீதி பரவியபோது இதன் விளைவைப் பார்த்தோம். உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற பேச்சு. பத்திரிகைகள் 'மர்ம மனிதன்' என்று எழுதின. பொத்துவில் முதல் மட்டக்களப்பு வரை ஊர்கள் இரவெல்லாம் விழித்திருந்தன, தடியோடு காவல் நின்றன, பொலிஸாரோடு மோதின. பெண்கள் உண்மையாகவே பயந்திருந்தார்கள். அதைச் சிறிதாக்கிப் பேச நான் உடன்பட மாட்டேன். ஆனால் அறிய வேண்டிய ஒன்றை மர்மம் என்று எழுதியதும் அது விசாரிக்க முடியாத ஒன்றாகிவிடுகிறது. இனங்காணப்படாதவனைத் தேடலாம். மர்ம மனிதனை எங்கே தேடுவது?

இச்சொல்லுக்கு முழுக்கப் பொருந்தும் தூய எடுத்துக்காட்டு வேண்டுமா? எங்கள் வாவியிலேயே இருக்கிறது. பூரணை இரவில் கல்லடிப் பாலத்தை அண்டித் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் வைத்து மறுநுனியில் காதை வைத்தால், மெல்லிய நரம்பைத் தடவியதுபோல ஓர் ஒலி கேட்கும். 1848இல் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் இங்கே வந்து அதைக் கேட்டு எழுதியிருக்கிறார். மீன் பாடுகிறது என்று உலகம் சொல்கிறது. அவர் கேட்டறிந்த மீன்பிடிகாரர்கள் ஊரி பாடுகிறது என்றார்கள். ஊரி என்பது ஓட்டுக்குள் வாழும் சிறு நத்தை. எந்த உயிர் என்று இன்னும் முடிவாகவில்லை. ஒலி தெரியும், இனம் தெரியாது. யாருக்குத் தெரியாது என்று கேட்டால், எல்லோருக்கும்தான். இங்கே 'கு' உருபை விட்டாலும் எவருக்கும் அநியாயமில்லை.

தொல்காப்பியர் இதற்கு விதியே வைத்திருக்கிறார். தூரத்தில் ஒன்று நிற்கிறது; மரக்கட்டையா மனிதனா என்று ஐயம். அப்போது 'உரு' என்று சொல், அல்லது அஃறிணையில் சொல் என்கிறார். "குற்றிகொல்லோ மகன்கொல்லோ தோன்றாநின்ற உரு" என்பது உரைகாரர்கள் காட்டும் உதாரணம். மனிதன் என்பது தெரிந்து, ஆணா பெண்ணா என்பதில் ஐயம் வந்தால் பன்மையில் சொல்லச் சொல்கிறார்: "பால்மயக்கு உற்ற ஐயக் கிளவி, தான்அறி பொருள்வயின் பன்மை கூறல்." தெரிந்த அளவுக்கு மேல் ஒரு விகுதிகூடக் கூட்டாதே என்பதுதான் இதன் உள்ளே இருப்பது. செய்தி எழுதும் எவருக்கும் இதைவிடச் சிறந்த விதியை நான் அறியேன். வந்தது ஒருவரா பலரா, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாதபோது நாங்கள் 'இனந்தெரியாதோர்' என்று எழுதியதும் அந்த விதியின் வழியில்தான்.

உங்கள் மேசையில் இருக்கும் வரிக்கு வருகிறேன். 'இனந்தெரியாத' என்பதை அப்படியே விடுங்கள். அடிக்குறிப்பு வேண்டுமானால் 'இன்னார் என்று அறியப்படாத' என்று போடுங்கள், போதும். அதோடு ஒரு வேலை செய்யுங்கள். அதற்கு அடுத்த பக்கங்களைக் கவனமாகப் படியுங்கள். அந்த வீட்டு அம்மா யாருடைய வீட்டுக்கு ஓடினார், யாருடைய காலைப் பிடித்தார் என்று நூலாசிரியர் எழுதியிருப்பார். வந்தவர்களை வீட்டில் எவரோ அறிந்திருந்தார்கள் என்று அதிலிருந்து தெரிந்தால், 'தம்மை இனங்காட்டிக்கொள்ளாத' என்று எழுதச் சம்மதமா என்று நூலாசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். யாரைக் காப்பதற்காக அப்படி எழுதினார் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.